டாக்டர் வருவாரா, வருகிறாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். இங்கிலாந்திலிருந்து என் பழைய மாணவி அழைத்தாள். அங்கே அப்போது மாலை நான்கரை. அன்று அவளுக்கு விடுப்பு. நாகர்கோவிலில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஆறு மாதம் ஆங்கிலம் படித்து, செவிலியர்களுக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வில் தேறிப் போனவள். குளிர், சமையல், அறை வாடகை என்று வழக்கமான பேச்செல்லாம் முடிந்த பிறகு, "டீச்சர், ஒரு சந்தேகம் கேட்கட்டுமா?" என்றாள். அந்தச் சந்தேகத்தை அவள் இந்நேரம் மறந்திருக்கக்கூடும். நான் மறக்கவில்லை.

அவள் வேலை செய்யும் வார்டில் இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட ஒரு பாட்டி இருந்தாராம். எண்பது வயதைத் தாண்டியவர். மதியத்திலிருந்து, டாக்டர் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இவள், 'த டாக்டர் வில் கம்' என்று சொல்லியிருக்கிறாள். சற்று நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. 'ஹி வில் கம் அட் ஃபோர்' என்று மணியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது தடவை பாட்டி இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, 'வில் ஹி, டியர்? ஆர் இஸ் ஹி கமிங்?' என்று கேட்டாராம். இவளுக்குக் கேள்வி புரியவில்லை. 'யெஸ், ஹி வில்' என்றாள். அந்த வழியாக வந்த மூத்த செவிலி நின்று, 'ஹி இஸ் கமிங் அட் ஃபோர்' என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பாட்டி தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

"நான் சொன்னதும் அதைத்தானே டீச்சர்? நான்கு மணி என்று நானும் சொன்னேனே?"

இரண்டுமே சரிதான் மக்களே, வயதானவர்கள் அப்படித்தான், பழகிய முகம் சொன்னால் நம்புவார்கள் என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவளும் சரி என்றாள். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்குள் ஓர் இலக்கணப் பாடமே இருந்தது. முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் கற்பித்த எனக்கு அந்தப் பாடம் தெரியாமல் இல்லை. தனித்தனி விதிகளாக எல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நான் அதைக் கொடுத்தனுப்பவில்லை. வேறெதையோ கொடுத்தனுப்பியிருந்தேன்.

என் சுவரில் தொங்கிய அட்டவணை

அது ஓர் அட்டவணை. மூன்று கட்டம்: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். 'கேம்', 'கம்ஸ்', 'வில் கம்'. வந்தான், வருகிறான், வருவான். நான் பள்ளியில் படித்தபோது கரும்பலகையில் பார்த்த அதே அட்டவணையை என் மாணவிகளுக்காக அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தேன். பார்க்க ஒழுங்காக இருக்கும். மூன்றுக்கு மூன்று சரியாகப் பொருந்தும். வினைச்சொல்லுக்குக் காலம் மூன்று என்று தொல்காப்பியமே சொல்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஆங்கிலத்திலும் மூன்றாவது கட்டம் ஒன்று நிரம்பியிருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு.

அந்த மூன்றாவது கட்டம்தான் தவறு. ஆங்கில வினைச்சொல் தன் உருவத்தில் இரண்டு காலத்தைத்தான் காட்டும். 'கம்ஸ்', 'கேம்', அவ்வளவுதான். ராண்டால்ஃப் குவர்க், சிட்னி கிரீன்பாம், ஜெஃப்ரி லீச், யான் ஸ்வார்ட்விக் நால்வரும் சேர்ந்து 1985-இல் வெளியிட்ட பேரிலக்கணம், கடந்த காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் இருப்பதுபோல எதிர்காலத்துக்கு ஆங்கிலத்தில் தனி வினைவடிவம் கிடையாது என்று தெளிவாகவே சொல்கிறது. நாளையைப் பற்றிப் பேச ஆங்கிலம் வேறு வேலைக்கென்று இருந்த சொற்களைக் கடன் வாங்குகிறது. 'வில்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'விரும்பு'. 'ஷால்' என்பது 'கடன்பட்டிரு'. ஒன்று மனத்திலிருந்து வருகிறது, மற்றது கடமையிலிருந்து வருகிறது. காலம் என்ற பொருள் இரண்டிலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

நான் படித்த காலத்தில் இதன்மேல் இன்னொரு சுமையும் இருந்தது. 'ஐ', 'வி' என்றால் 'ஷால்', மற்றவர்களுக்கு 'வில்'. உறுதியோ கட்டளையோ என்றால் அப்படியே தலைகீழ். இந்த விதியை எழுதி வைத்தவர் ஜான் வாலிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியர், முடிவிலிக்கான குறியைக் கணிதத்துக்குத் தந்தவர். 1653-இல் அவர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இது வருகிறது. பிறகு வந்த இலக்கண நூல்கள் இதை எடுத்துக்கொண்டன. நம் ஊர்ப் பள்ளிகள்வரை வந்து சேர்ந்தது. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃப்ரைஸ் 1925-இல் வெளியிட்ட ஆய்வில் நாடக வசனங்களைத் துருவிப் பார்த்து, ஆங்கிலம் பேசுபவர்கள் இந்த விதிப்படி பேசியதில்லை என்று காட்டினார். அவர் காட்டியும் எத்தனையோ வருடங்கள் கழித்து, நாகர்கோவிலில் நாங்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். 1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் 'வி ஷால் ஃபைட்' என்று மறுபடி மறுபடி சொன்னார். 1942-இல் பிலிப்பைன்ஸை விட்டு வந்த அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் 'ஐ ஷால் ரிட்டர்ன்' என்றார். வாலிஸின் விதிப்படி பார்த்தால் இரண்டும் வெறும் எதிர்காலச் செய்தி. கேட்டவர்களுக்கு அவை சபதமாகத்தான் கேட்டன. இதை வகுப்பில் சொல்லி, 'ஷால்' பற்றிய பயத்தை என் மாணவிகளிடமிருந்து நான் எப்போதோ எடுத்துவிட்டேன். பிரிட்டனில் 'ஷால்' இன்று முக்கியமாக ஓர் இடத்தில்தான் உங்களுக்குத் தேவைப்படும், 'ஷால் ஐ ஓப்பன் த விண்டோ?' என்று நோயாளியிடம் கேட்கும்போது, என்று சொல்லிக்கொடுத்தேன். ஆனால் 'ஷால்' போன இடத்தில் 'வில்' ஒன்றையே உட்கார வைத்துவிட்டேன்.

கூடவே இன்னொன்றும் செய்தேன். எல்லா ஆங்கில ஆசிரியர்களையும் போல நானும் தினமும் ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தேன்: "தமிழில் யோசிக்காதீர்கள்."

வடசேரி பஸ் நிலையத்தில்

அந்தத் தொலைபேசி அழைப்புக்கு இரண்டு வாரம் கழித்து வடசேரி பஸ் நிலையத்தில் திருநெல்வேலி பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். என் பக்கத்தில் இரண்டு பைகளை வைத்துக்கொண்டு ஓர் அம்மா. ஏதோ உள்ளூர் பஸ்ஸுக்காக வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அங்கே நின்ற நேரக்காப்பாளரிடம் கேட்டார். அவர் கையிலிருந்த தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "வரும் அம்மா, வரும்" என்றார். அம்மா மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். பையைத் தொடக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் பூக்காரர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார். அவரிடமும் கேட்டார். "வருகிறது, பணிமனையிலிருந்து எடுத்துவிட்டார்கள்" என்றார் அவர். அம்மா இரண்டு பைகளின் காதுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். பஸ் இன்னும் கண்ணில் படவில்லை. பிறகு யாரோ ஒரு பையன் வாசல் பக்கம் பார்த்து, "வந்துவிட்டது, வந்துவிட்டது!" என்று கத்தினான். பஸ் அப்போதுதான் சாலையிலிருந்து உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் வரிசைக்கு அது வந்து நிற்க இன்னும் ஒரு நிமிடமாவது ஆகும். அதற்குள் அந்த அம்மா ஓடத் தொடங்கியிருந்தார்.

நான் என் பஸ்ஸை மறந்து உட்கார்ந்திருந்தேன். வரும், வருகிறது, வந்துவிட்டது. ஒரே பஸ். மூன்று தடவையும் அது வந்து சேர்ந்திருக்கவில்லை. மூன்று தடவையும் பேச்சு இனி நடக்கப்போவதைப் பற்றித்தான். என் அட்டவணையின் மூன்று கட்டங்களும் மூன்றாவது கட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தன. எதைக் கேட்டால் உட்கார வேண்டும், எதைக் கேட்டால் பையைப் பிடிக்க வேண்டும், எதைக் கேட்டால் ஓட வேண்டும் என்று அந்த அம்மாவின் உடம்புக்குத் தெரிந்திருந்தது. யாரும் அவருக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டி மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டது இதைத்தான். டாக்டர் வருவாரா, வருகிறாரா? "வரும் அம்மா, வரும்" என்பதை இரண்டு தடவை கேட்டு அலுத்துப்போனவர், அவரை யாராவது பணிமனையிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள விரும்பினார். மூத்த செவிலியின் 'இஸ் கமிங்' அதைச் சொன்னது. அவரிடம் பேசியாயிற்று, ஏற்பாடு ஆகிவிட்டது, அவர் வருகையை எதிர்பார்த்து வேலை நடக்கிறது என்று ஒரு சிறு வினைவடிவம் சொல்லிவிட்டது. நான்கு மணி என்பது இரண்டு வாக்கியத்திலும் இருந்தது. பாட்டிக்கு வேண்டியிருந்தது மணி இல்லை. அந்த மணிக்குப் பின்னால் இப்போதே ஏதாவது இருக்கிறதா என்பதுதான்.

இதில் என்னை உலுக்கியது வேறொன்று. என் மாணவி அதே செய்தியைத் தன் அம்மாவிடம் தமிழில் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? "நான்கு மணிக்கு டாக்டர் வருகிறார் அம்மா" என்றுதான். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். செய்தித்தாளைப் பாருங்கள். 'முதல்வர் நாளை நெல்லை வருகிறார்' என்றுதான் தலைப்பு இருக்கும். 'வருவார்' என்று போட்டால், வருவாரோ மாட்டாரோ என்று வாசகனுக்கே சந்தேகம் வந்துவிடும். அவளுடைய தமிழ் அவளைச் சரியாக 'இஸ் கமிங்' என்ற வாசலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கும். வழியில் நின்று மறித்தது என் அட்டவணை. நாளை என்றால் 'வில்', தமிழில் யோசிக்காதே என்று நான் அவளைப் பழக்கியிருந்தேன். தாய்மொழி குறுக்கிடுகிறது என்று எத்தனை மாணவிகளின் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருப்பேன்! இங்கே குறுக்கிட்டவள் நான்.

வீட்டுக்கு வந்து நன்னூலை எடுத்துப் புரட்டினேன். கல்லூரியில் துணைப்பாடமாகப் படித்தது. 'விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும் பிறழவும் பெறூஉமுக் காலமும் ஏற்புழி' என்று பவணந்தி சொல்கிறார். அவசரம், மிகுதி, உறுதி, இயல்பு என்ற காரணங்களால் முக்காலமும் இடம் மாறலாம். தொல்காப்பியமும் வினையியலில் இதைப் பேசுகிறது. இனி வரப்போவதை நடந்து முடிந்ததுபோலச் சொல்வது 'விரைந்த பொருள'. அதற்கு உரையாசிரியர் சேனாவரையர் தரும் உதாரணம் அழகானது. சோறு இன்னும் ஆகவில்லை, ஆனால் உடனே கிளம்ப வேண்டிய அவசரத்தில் இருப்பவன் வெளியே அழைக்கிறான். உள்ளே இருப்பவன் உண்ணாமலேயே, 'உண்டேன், போந்தேன்' என்று குரல் கொடுக்கிறான். 'இதோ வந்துவிட்டேன்' என்று குளியலறைக்குள்ளிருந்து நாம் சொல்வது அதேதான். உறுதிக்கு உரைகள் தரும் உதாரணம் இன்னும் அழகு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதைப் பார்த்தவன், 'மழை பெய்தது' என்கிறான். வானத்தில் ஒரு துளி விழவில்லை. ஆனால் அவன் எறும்பைப் பார்த்துவிட்டான்.

நடக்கப்போவதைப் பற்றிப் பேசும்போது அதற்கு இன்றைக்கு என்ன ஆதாரம் உன் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வினையின் காலம் மாறும் என்பதை நம் இலக்கணம் நூற்பாவாகவே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்தவள்தான் நான், அட்டவணையை மாட்டினேன்.

வார்டுக்குள்

அட்டவணையை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் வேறு அட்டவணை மாட்டவில்லை. இப்போது வகுப்பில் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: நீங்கள் சொல்லப்போகும் நாளைக்கு இன்று என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை, இந்த நொடியில்தான் மனத்தில் தோன்றியது என்றால் 'வில்'. நோயாளி குளிர்கிறது என்கிறார். 'ஐல் கெட் யூ அ பிளாங்கெட்'. அவர் சொல்வதற்கு முன்னால் அந்தப் போர்வை உங்கள் எண்ணத்திலேயே இல்லை. இங்கே 'ஐ ஆம் கோயிங் டு கெட்' என்று சொன்னால், ஏற்கெனவே எடுக்க நினைத்திருந்தேன், நீங்கள் கேட்டதால் இல்லை என்ற சாயல் வந்துவிடும். உதவிதான், ஆனால் அவருடைய சொல்லுக்குக் கிடைத்த உதவியாக அது இருக்காது. 'வில்' என்ற சொல்லின் அடியில் விருப்பம் இருக்கிறது என்பது இங்கேதான் கைக்குத் தட்டுப்படுகிறது. கேட்டதும் மனம் இசைந்தது என்று அது சொல்கிறது.

முன்பே தீர்மானித்துவிட்டேன், அல்லது கண்ணெதிரே அறிகுறி இருக்கிறது என்றால் 'கோயிங் டு'. கையில் ஊசியோடு கட்டிலருகே நிற்கும் செவிலி, 'ஐ ஆம் ஜஸ்ட் கோயிங் டு டேக் சம் பிளட்' என்பார். தட்டு தயார், பஞ்சு தயார். நோயாளிக்கு அது எச்சரிக்கையும் மரியாதையும். ஊசி நுழையும் நேரத்தில் பிரிட்டனில் செவிலியர் சொல்லும் 'ஷார்ப் ஸ்கிராட்ச்' என்ற இரண்டு சொல்லுக்கு முன்னால், 'யூல் ஃபீல்' என்று வரும். என் செயல் 'கோயிங் டு', அதனால் உங்களுக்கு ஏற்படக்கூடியது 'வில்'. ஒரே மூச்சில் இரண்டும் வரும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். அறிகுறிக்கு நான் சொல்லும் உதாரணம் வேறு. கழிவறைக்கு நடந்துபோகும் தாத்தா சுவரைப் பிடிக்கிறார், முகம் வெளுக்கிறது, முழங்கால் மடிகிறது. நீங்கள் கத்த வேண்டியது 'ஹி இஸ் கோயிங் டு ஃபால்!' 'ஹி வில் ஃபால்' என்று கத்தினால், என்றோ ஒருநாள் விழுவார் என்று ஆரூடம் சொல்வதுபோல இருக்கும். பக்கத்தில் நிற்பவர் கை நீட்டுவதற்கு அந்த ஒரு நொடி போதாது.

இந்தக் 'கோயிங் டு' வந்த வழியைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள், மகிழ்ச்சியால். முதலில் அது உண்மையாகவே நடந்து போவது. இன்னதைச் செய்ய அவன் போய்க்கொண்டிருக்கிறான். 1482-இல் அச்சான ஒரு சமய நூலில், ஓர் ஆன்மா நரகத்துக்கு இட்டுச் செல்லப்படப் 'போகிறது' என்று வருவதை அகராதிக்காரர்கள் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாகக் காட்டுகிறார்கள். கால் நடை மெல்ல மறைந்து, நோக்கம் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் என்ன சொல்கிறோம்? மழை பெய்யப் 'போகிறது'. தாத்தா விழப் 'போகிறார்'. அதே 'போ'. ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்காமலே இரண்டு மொழிகளும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. 'கோயிங் டு' புரியவில்லை என்று என்னிடம் வந்த எந்தப் பெண்ணுக்கும் அதற்குப் பிறகு புரியாமல் இருந்ததில்லை.

இன்னொருவரோடு பேசி ஏற்பாடு ஆகிவிட்டது என்றால் 'இஸ் கமிங்'. இதைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும்: மழையோடு யாரும் ஏற்பாடு செய்துகொள்ள முடியாது. அதனால் 'இட் இஸ் ரெய்னிங் டுமாரோ' என்று சொல்ல மாட்டார்கள். மருத்துவமனையின் நேரப் பட்டியல், ரயில் கால அட்டவணை போன்று யார் மனத்தையும் சாராமல் எழுதி வைக்கப்பட்டது என்றால் சாதாரண நிகழ்காலமே போதும். 'விசிட்டிங் ஹவர்ஸ் எண்ட் அட் எய்ட்.'

'வில் பி கமிங்' என்பதை நான் வெகுகாலம் தேவையில்லாத நீட்டல் என்று நினைத்திருந்தேன். இப்போது அது எனக்கு மிகப் பிடித்த வடிவம். 'வில் யூ கம்?' என்றால் வா என்று அழைப்பது, வர இசைவா என்று கேட்பது. 'வில் யூ பி கமிங்?' என்றால், உங்கள் போக்கில் எப்படியும் வருவதாக இருக்கிறதா என்று மட்டும் கேட்பது. கேட்கப்படுபவர்மேல் பாரம் விழாது. நோயாளியின் மகனிடம் 'வில் யூ பி ஸ்டேயிங் டுநைட்?' என்று கேட்கலாம். 'வில் யூ ஸ்டே?' என்று கேட்டால், தங்க முடியாத மகன் குற்றவாளியாகிவிடுவான். ஓ.இ.டி. தேர்வின் பேச்சுப் பகுதியில் இரண்டு நடிப்புக் காட்சிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தயாராகச் சுமார் மூன்று நிமிடம், பேசச் சுமார் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் நோயாளியின் மனத்தைப் புரிந்துகொண்டு பேசுகிறீர்களா என்பதையும் கவனித்து மதிப்பிடுகிறார்கள். கனிவு என்பது குரலிலும் 'ப்ளீஸ்' என்ற சொல்லிலும் மட்டும் இருக்கிறது என்று என் மாணவிகள் நினைக்கிறார்கள். வினைச்சொல்லின் வாலிலும் இருக்கிறது என்று காட்டுவதுதான் என் வேலை.

தமிழ் கைகொடுக்காத இடம்

இப்படியெல்லாம் எழுதிவிட்டு, தமிழில் யோசித்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் அது பொய். முதல் மாதத்திலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. போர்வை உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்கிறது என்றவரிடம் தமிழில் என்ன சொல்வோம்? "இருங்கள், போர்வை கொண்டு வருகிறேன்." வருகிறேன்! "நாளை கூப்பிடுகிறேன்", "நானே சொல்கிறேன்", "பார்த்துக்கொள்கிறேன்". அந்த நொடியில் பிறந்த வாக்குறுதிக்கும் தமிழ் நிகழ்காலத்தைத்தான் எடுக்கிறது. இதில் "கொண்டு வருவேன்" என்றால்தான் விட்டேற்றியாக ஒலிக்கும். இதை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோய், 'ஐ ஆம் பிரிங்கிங் அ பிளாங்கெட்' என்று சொன்னால், வழியில் வந்துகொண்டிருக்கும் போர்வையைப் பற்றிச் சொல்வதுபோல ஆகிவிடும். ஆக, தமிழின் நிகழ்காலம் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஏற்பாடாக இருந்தால் 'இஸ் கமிங்', இந்த நொடியின் வாக்காக இருந்தால் 'ஐல்'. தமிழ் இரண்டையும் ஒரே பையில் வைத்திருக்கிறது. நாம் சொன்ன வாக்கைச் செயல் தொடங்கியதாகவே பாவிக்கிறோமோ என்று எனக்குத் தோன்றும். "போய் வருகிறேன்" என்று விடைபெறும் மொழி அல்லவா.

இன்னோர் இடம் 'வென்'. 'வென் த டாக்டர் வில் கம், ஐ வில் டெல் யூ' என்று என் வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். ஏன் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். 'டாக்டர் வரும்போது' என்பதில் உள்ள 'வரும்' எதிர்கால வடிவம். தமிழ் அங்கே எதிர்காலத்தை வைத்திருக்கிறது. ஆங்கிலம் 'வென்', 'இஃப்', 'அன்டில்' என்று தொடங்கும் பகுதியில் சாதாரண நிகழ்காலத்தோடு நின்றுகொள்கிறது. இதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு மருந்து இல்லை. 'டாக்டர் வந்ததும்' என்று தமிழை மாற்றிச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன், 'வில்' தானாக உதிர்ந்துவிடும். அது என் சொந்தக் குறுக்குவழி. எல்லா வாக்கியத்துக்கும் உதவாது.

எதிர்பாராமல் இரண்டு மொழிகளும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் இடமும் உண்டு. வாசலில் மணி அடிக்கிறது. "பால்காரராக இருக்கும்" என்கிறோம். அவர் இப்போது வாசலில் நிற்கிறார், எதிர்காலத்தில் இல்லை. ஆங்கிலத்திலும் 'தட்'ல் பி த மில்க்மேன்' என்பார்கள். 'வில்'லும் நம் 'உம்' ஈறும் காலத்தைவிட ஊகத்தைச் சொல்வதில் உடன்பிறந்தவைபோல இருக்கின்றன. "டாக்டர் வருவார்" என்பதற்கு 'த டாக்டர் வில் கம்' மிகச் சரியான மொழிபெயர்ப்பு. இரண்டிலும் ஆறுதல் இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது, ஏற்பாடு மட்டும் இல்லை. அந்தப் பாட்டிக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் அவளுக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினேன். தவறு என்னுடையது என்றும் எழுதினேன். 'அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார் டீச்சர்' என்று பதில் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'இப்போது நான் வார்டு போர்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.'

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லச் சொன்னேன். நான்கு வாக்கியம் நன்றாகச் சொன்னாள். ஐந்தாவதாக, கொஞ்சம் வெட்கத்தோடு, 'ஐ வில் மேரி இன் ஜனவரி' என்றாள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

"மாப்பிள்ளை பார்த்தாயிற்றா மக்களே?" என்றேன்.

"நிச்சயமே முடிந்துவிட்டது டீச்சர்."

"மண்டபம்?"

"முன்பணம் கொடுத்தாயிற்று."

"பத்திரிகை?"

"அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம்."

"அப்படியென்றால் அந்த வாக்கியத்தை மறுபடியும் சொல்."

அவள் விரல்களை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தாள். மண்டபம், பத்திரிகை, மாப்பிள்ளை வீட்டார் என்று எண்ணியிருப்பாள். பிறகு நிமிர்ந்து, 'ஐ ஆம் கெட்டிங் மேரிட் இன் ஜனவரி' என்றாள். மண்டபத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். எங்கள் தெருவிலிருந்து இரண்டாவது பஸ் நிறுத்தத்தில் இருக்கிறது அது.